இரண்டேகால் லட்ச ரூபாய்க் கைப்பை: தோலுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

நீங்கள் கேட்டது நாலு வரிதான். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, இந்த வருட போனஸில் 2,25,000 ரூபாய்க்கு ஐரோப்பிய டிசைனர் கைப்பை ஒன்று வாங்க ஆசை. அது அந்தக் காசுக்குப் பெறுமானமுள்ள பொருளா, இல்லை பெயருக்குக் கட்டும் தண்டமா என்று தெரியவேண்டும். கூடவே, இதெல்லாம் சீனாவில் சல்லிசாகச் செய்வதுதான் என்று ஒரு ரீல்ஸில் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் எனக்கு மூன்று கேள்வி கேட்கிறது. விலை கூடிய பை நிஜமாகவே நன்றாகச் செய்யப்பட்டதா? ஆமென்றால், விலையில் இருக்கும் அவ்வளவு வித்தியாசமும் பொருளிலும் இருக்கிறதா? வாங்கிவிட்டால் பிறகு வயிறு எரியுமா? முதல் இரண்டுக்கும் தைரியமாகப் பதில் சொல்வேன். மூன்றாவது உங்கள் வயிறு. அதில் நான் கருத்துதான் சொல்ல முடியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் 19 வருடம் இருந்தேன், பெரும்பகுதி தரக்கட்டுப்பாட்டில். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் மாதிரியைப் பிரித்துப் போட்டு, எத்தனை சதுர அடி தோல், எத்தனை நிமிடத் தையல், என்ன ஜிப், என்ன பசை என்று கணக்கெடுப்பதே வேலை. இப்போது 8 வருடமாகச் சென்னையில் சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லா விலையிலும் பைகள் வருகின்றன, எல்லா விலையிலும் கிழிந்துதான் வருகின்றன. உடைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது திருப்பூர் நண்பர்கள் சொன்னதும் தையல்காரர்களிடம் பார்த்ததும்தான், அதனால் அங்கே கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். நகை, கைக்கடிகாரம் பக்கம் போகவே போவதில்லை.

ரீல்ஸ் சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஏப்ரலில், சீனப் பொருள்கள்மேல் அமெரிக்கா வரியை ஏற்றிய சமயத்தில், அந்த வீடியோக்கள் பரவின. 38,000 டாலருக்கு விற்கும், ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பையை நாங்கள்தான் செய்கிறோம், அடக்கம் ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான் என்பார் ஒருவர். அது பொய். ஹெர்மெஸ் தன் தோல் பைகளைப் பிரான்சில் சொந்தப் பட்டறைகளில் செய்கிறது. நகல் விற்பவர் அசலும் என்னுடையதுதான் என்பது பழைய வியாபாரப் பேச்சு. அதற்காக 'மேட் இன் இத்தாலி' என்ற முத்திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி, ஒரு பொருள் கடைசியாகக் கணிசமாக உருமாறிய நாடு எதுவோ அதுவே அதன் பிறந்த நாடு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைத்த ஷூ அப்பர், அதாவது பாதத்தின் மேல் வரும் தோல் பாகம், கப்பலேறிப் போய் அங்கே அடிப்பாகம் ஒட்டப்பட்டுக் கடைக்குப் போவது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிதில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி மிலான் நீதிமன்றத்தில் கிடைத்தது. 2024 ஜூனில், தியோர் என்ற பிரெஞ்சு பிராண்டின் இத்தாலிய உற்பத்தி நிறுவனம் ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தார்கள். மிலானைச் சுற்றியிருந்த துணை ஒப்பந்தப் பட்டறைகளில் ஆட்கள் அங்கேயே படுத்து அங்கேயே வேலை செய்வதை விசாரணையில் கண்டுபிடித்திருந்தார்கள். வழக்கு ஆவணங்களின்படி ஒரு பையைத் தைத்துக் கோக்கத் தியோர் கொடுத்தது 53 யூரோ, அந்தப் பையின் கடை விலை 2,600 யூரோ. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆர்மானி என்ற இத்தாலிய பிராண்டின் வழக்கில் வந்த கணக்கு இன்னும் சுவாரசியம். பட்டறைக்காரர் 93 யூரோவுக்குக் கொடுத்த பையை, நடுவில் இருந்த ஒப்பந்தக்காரர் ஆர்மானிக்கு 250க்கு விற்றிருக்கிறார், கடையில் அதன் விலை 1,800. பட்டறையில் மணிக்கு 2, 3 யூரோதான் கூலி. (இரண்டு கண்காணிப்பும் 2025இல், குறித்த காலம் முடியும் முன்னரே நீக்கப்பட்டன. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) இந்த 53 யூரோவைத்தான் மொத்த அடக்கம் என்று எல்லோரும் பரப்பினார்கள். அது சரியில்லை. அதில் தோல் விலை இல்லை, வடிவமைப்பு இல்லை, கடை வாடகை இல்லை. அது செய்கூலி மட்டும். ஆனால், செய்கூலி அவ்வளவுதான் என்பதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கணக்கில் காட்டுகிறேன்.

நடுத்தர அளவுத் தோள் பைக்கு, வெட்டும்போது ஆகும் சேதாரமும் சேர்த்து 10 முதல் 12 சதுர அடி தோல் வேண்டும். நம் பக்கத்து நல்ல மாட்டுத்தோல், சாயம் போட்டு முடித்தது, சதுர அடி 200 முதல் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனிங், ஜிப், வளையம், கொக்கி, நூல் எல்லாம் ஆயிரம் ரூபாய். ஐந்தாறு மணி நேர ஆள் உழைப்பு. ஆக 6,000 ரூபாய்க்குள் நம் ஊரில் வெட்கப்படாமல் வெளியே காட்டக்கூடிய தோல் பை தயார். இதையே ஐரோப்பாவின் மிகச் சிறந்த கன்றுத்தோலில் செய்தால் தோலுக்கு ஐந்து மடங்கு கொடுக்க வேண்டும், 15,000 ரூபாய் பக்கம் வரும். உலோகச் சாமான்களுக்கு நாலைந்தாயிரம். பிரான்சில் ஒரு தொழிலாளிக்கு, வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து, முதலாளிக்கு மணிக்கு ஆகும் செலவு 40 யூரோவை ஒட்டி. நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய். வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து மெஷினில் தைக்கும் பைக்கு நாலு மணி நேரம் என்றால் 16,000. மொத்தம் 35,000 ரூபாய். யாரையும் ஏய்க்காமல், தோலிலும் கை வைக்காமல், உலகத்தின் நல்ல இடத்தில் செய்தாலும் அடக்கம் இவ்வளவுதான் வரும் என்பது என் கணக்கு. ஐந்தாயிரம் முன்பின்னாக இருக்கலாம், ஐம்பதாயிரம் இருக்காது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மறுபடி அந்த 53 யூரோவைப் பாருங்கள். பிரான்சின் கூலிக் கணக்கில் பார்த்தால் 150 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டிய கூலி அது. 2,600 யூரோ விலை வைத்த பிறகும் அதில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

மீதிக் காசு எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, நிறுவனங்களே ஆண்டறிக்கையில் எழுதுகின்றன. ஹெர்மெஸின் 2024 விற்பனை 15.2 பில்லியன் யூரோ. அதில் பொருளைச் செய்யும் செலவு போக நின்றது 70 சதவீதம். கடை, ஆள், விளம்பரம் எல்லாம் போனபின் நின்ற லாபம் 40 சதவீதம். லூயி வுய்ட்டன், தியோர் எல்லாம் அடங்கிய எல்.வி.எம்.எச். குழுமத்தில், அதே ஆண்டு, 84.7 பில்லியன் யூரோ விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளம்பரத்துக்கும் விற்பனைச் செலவுக்கும் போனது. அதாவது நூறு ரூபாய் கொடுத்தால் முப்பதோ முப்பத்திமூன்றோ பொருளுக்கு. மிச்சம், கடையின் பளிங்குத் தரைக்கும், உங்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவருக்கும், விளம்பரத்தில் வரும் நடிகைக்கும், பங்குதாரருக்கும். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். மோசடி என்றால் மறைக்க வேண்டும். இவர்கள் அச்சடித்தே கொடுக்கிறார்கள்.

அப்படியானால் முதல் கேள்விக்கு என்ன பதில்? விலை கூடினால் தரம் கூடுமா? கூடும், ஓர் இடம் வரைக்கும். 1,500 ரூபாய்ப் பைக்கும் 8,000 ரூபாய்ப் பைக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. முன்னது பெரும்பாலும் துணிமேல் ஒட்டிய ரெக்சின், இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். எட்டாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் நடுவிலும் வித்தியாசம் தெரியும். மேல்பரப்பைத் தேய்த்துச் சாயம் பூசி மறைக்காத முழுத்தோல், ஓரங்களில் மூன்று நாலு முறை பூசித் தேய்த்த பூச்சு, உள்ளே நல்ல லைனிங். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே வரும். நாற்பதாயிரத்தைத் தாண்டியபின் என் பூதக்கண்ணாடிக்கே வித்தியாசம் தெரிவதில்லை, விதிவிலக்குகள் தவிர. இந்த எண்களெல்லாம் என் கையால் பிரித்த பைகளை வைத்துச் சொல்வது. வேறொருவர் கொஞ்சம் மேலேயோ கீழேயோ கோடு போடுவார். கோடு ஒன்று இருக்கிறது என்பதில் தொழிலில் இருக்கும் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்த விதிவிலக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கைத்தொழிலுக்குச் செய்யும் துரோகம். ஹெர்மெஸ் 1837இல் குதிரைச் சேணம் செய்யும் கடையாகத்தான் தொடங்கியது. சேணத் தையலை இன்னமும் விடவில்லை. மெழுகு பூசிய ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் நுழையும். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகள் தளரும், கொஞ்ச நாளில் வரிசையே உருவிக்கொண்டு போகும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் இன்னொரு பக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும். குதிரையின் வார் பாதி வழியில் அறுந்தால் ஆள் செத்துப்போவான், அந்த உறுதி வேண்டிய வேலைக்கான தையல் அது. பர்கின் என்ற பையை ஒரே ஆள் முதலிலிருந்து கடைசி வரை செய்கிறார், 15 முதல் 20 மணி நேரம் ஆகும். என் கணக்கில் அதன் அடக்கமே லட்சத்தைத் தொடும். நான் ஒரு முறைதான் அந்தப் பையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தையலைப் பார்த்ததும் எங்கள் பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். ஆனால் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். அங்கேயும் பெயருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கத்தான் செய்கிறது. தவிர, காசைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலும் கொடுக்கமாட்டார்கள். முதலில் அவர்களிடம் வேறு பொருள்கள் வாங்கி 'நல்ல வாடிக்கையாளர்' ஆக வேண்டியிருக்கிறது என்று 2024இல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது.

உங்கள் பட்ஜெட்டில் பார்க்கும் பைகள் இந்த ரகம் அல்ல. நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் அந்த விலையில் விற்பவற்றில் பல, உடம்பில் தோலே இல்லாத பைகள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. லூயி வுய்ட்டனின் பழுப்பு மோனோகிராம் பையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல், நகல் அடிப்பவர்களைத் தடுக்க, ஸ்தாபகரின் மகன் ஜார்ஜ் வுய்ட்டன் கொண்டுவந்த வடிவம் அது. (நகல் நின்றதா என்று தெருவில் நடந்தால் தெரியும்.) உடம்பு முழுக்கப் பருத்திக் கான்வாஸ் மேல் பி.வி.சி. பூசியது, கைப்பிடியும் ஓரப்பட்டியும் மட்டும் தோல். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. அந்தக் கான்வாஸ் மழைக்குப் பயப்படாது, கீறல் தெரியாது, எடை குறைவு. தினம் மின்சார ரயிலில் போகிறவருக்குத் தோலைவிட அதுவே தேவலை. நான் சொல்ல வருவது, அதன் மூலப்பொருள் மலிவு, அந்த விலையில் தோலுக்கென்று கொடுப்பது கையளவுதான். அந்தத் தோல் பகுதிகளும் தாவரச் சாறுகளில் பதனிட்டு மேலே பூச்சு ஏதும் போடாதவை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை பிடிக்கும். சென்னை வியர்வையில் கைப்பிடி ஒரு வருடத்தில் கறுத்துவிடும்.

சென்னை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். என் பட்டறைக்கு வரும் விலையுயர்ந்த பைகளில் நான் அதிகம் பார்ப்பது கிழிசல் அல்ல, பிசுபிசுப்பு. பெரிய பெயர், பதினைந்து இருபது வருடம் முன்னால் வாங்கியது, வெளியே தோல் புதுசு மாதிரி பளபளக்கும். உள்ளே கை விட்டால் வெல்லப்பாகில் விட்டது போல் ஒட்டும். லைனிங் துணிமேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு போட்டிருப்பார்கள். காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். வருடம் முழுக்க ஈரக்காற்று வீசும் ஊரில் இது சீக்கிரம் நடக்கும், பீரோவுக்குள் பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். பார்த்துப் பார்த்து ஆசையாக எடுத்து வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் கல்யாண வீட்டில் மாவாக உதிருமே, அதே வேதியியல்தான். போன வருடம் ஓர் அம்மா அப்படி ஒரு பையோடு வந்தார், மகள் வெளிநாட்டில் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியதாம். கம்பெனிக்கு எழுதினால், பழைய மாடல், ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்திருக்கிறது. லைனிங்கை முழுக்கப் பிரித்துப் பருத்தித் துணி போட்டுக் கொடுத்தேன். 3,500 ரூபாய் ஆனது. ஐரோப்பாவின் குளிரில் முப்பது வருடம் உழைக்கிற பொருள் நம் ஊரிலும் முப்பது வருடம் உழைக்கும் என்று நினைக்கக் கூடாது. 'வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை' என்ற வாதத்தை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

சரி, பொருளில் இல்லாத அந்த மிச்சக் காசுக்குப் பெயர் என்ன? சிலர் அது வடிவமைப்புக்கான கூலி என்பார்கள். அதில் பாதி உண்மை. இத்தாலியின் பிராடா நிறுவனத்தை நடத்திய மியூச்சியா பிராடா 1984இல் நைலான் துணியில் முதுகுப்பை செய்தபோது விலையுயர்ந்த பை என்றால் தோல் என்ற எண்ணத்தையே புரட்டிப் போட்டார். அப்படி யோசிப்பதற்கு ஒரு விலை உண்டு. பையின் உயரமும் அகலமும் கைப்பிடி விழும் இடமும் பொருந்தி வருவதற்கு முன் எத்தனை மாதிரிகளை வெட்டிக் குப்பையில் போடுவார்கள் என்று கூட இருந்து பார்த்தவன் நான். ஆனால் அதே பிராடா நிறுவனம் 2025 ஜூனில் மிலான் அணிவகுப்பில் ஆண்கள் காலில் மாட்டியது அச்சு அசல் கோலாப்பூர்ச் செருப்பு, அறிமுகக் குறிப்பில் கோலாப்பூர் பெயரே இல்லை. 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது. நம் கடைகளில் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நல்லதாகவே கிடைக்கும். கூச்சல் எழுந்தபின் அதன் வேர் எங்கே என்று ஒத்துக்கொண்டார்கள். டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். இங்கேயே 2,000 ஜோடி செய்து, ஜோடி 800 யூரோ பக்கம் விற்பதாகத் திட்டம். வடிவமைப்பு கோலாப்பூருடையது, தோலும் கையும் நம்முடையது. அப்படியும் ஆயிரம் ரூபாய்ச் செருப்பு எண்பதாயிரத்தை எட்டுகிறது என்றால், நடுவில் ஏறியது வடிவமைப்புக் கூலி இல்லை.

அது அரிதானது என்ற எண்ணத்தின் விலை. அந்த எண்ணத்தைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். பர்பெரி நிறுவனம் விற்காத சரக்கை, ஒரே ஆண்டில் 28.6 மில்லியன் பவுண்டு மதிப்புக்கு, அழித்ததாகத் தன் அறிக்கையிலேயே எழுதியது. 2018இல் அது பெரிய விவகாரமாகி, அந்த வழக்கத்தைக் கைவிட்டது. தள்ளுபடியில் விற்றிருந்தால் காசாவது வந்திருக்கும், பெயர் போயிருக்கும். அதே வருடம் அமெரிக்காவில் பேலெஸ் என்ற மலிவுச் செருப்புக் கடைக்காரர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். 'பலெஸ்ஸி' என்று இத்தாலிய வாடையில் பெயர் வைத்துப் பளபளப்பான கடை ஒன்றைத் திறந்து, தங்கள் 20, 40 டாலர்ச் செருப்புகளையே அடுக்கி, பேஷன் பிரபலங்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் தோலையும் வேலைப்பாட்டையும் புகழ்ந்து, 640 டாலர் வரை கொடுத்து வாங்கினார்கள். (பிறகு காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.) இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பட்டுக்கடையில் புடவையைப் புரட்டி, முந்தானையின் பின்பக்கம் பார்த்து, ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள். அதே பெண்கள் மாலில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போனதும் பையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பயமாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பயமும் விலையில் சேர்த்திதான்.

உடைகளுக்கு வருகிறேன், இங்கே நான் கேள்வி ஞானம்தான். பருத்தி டி-ஷர்ட்டுக்கு 40,000 ரூபாய் விலை வைத்தால், அது பருத்திக்காக இல்லை. உலகின் மிக நீளமான இழைப் பருத்திகளில் ஒன்றான சுவின் நம் கோயம்புத்தூரில் உருவாக்கியது. சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் கலந்ததால் அந்தப் பெயர். அதில் செய்தாலும் திருப்பூரில் ஒரு சட்டைக்குச் சில நூறு ரூபாய்தான் கூடும் என்று நண்பர் சொல்கிறார். கோட்டு வேறு கதை. மலிவான கோட்டின் மார்புக்குள் பசை போட்டு ஒட்டிய துணி இருக்கும். நாலு டிரை வாஷில் குமிழ் குமிழாகக் கிளம்பும். நல்ல கோட்டில் குதிரைமயிர் கலந்த கான்வாஸைக் கையால் தைத்து மிதக்க விட்டிருப்பார்கள், உடம்புக்குத் தக்கபடி அது படியும். அந்த வேலைக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். ஆனால் அதற்கு மிலான் போக வேண்டாம், கை தேர்ந்த தையல்காரர் போதும். பெயர் போட்ட கருப்புக் கண்ணாடி வாங்கவே வேண்டாம் என்பேன். பிராடா, ஷனெல், வெர்சாச்சி என்று வேறு வேறு பெயரில் நீங்கள் பார்ப்பதை உரிமம் வாங்கிச் செய்து கொடுப்பது எஸ்ஸிலோர்லக்ஸோட்டிகா என்ற ஒரே நிறுவனம்.

பையை முதலீடாகப் பார்க்கிறேன் என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் உங்களுக்குப் பதில் சொல்லக்கூடும். ஷனெலின் மடிப்புமூடிப் பை அமெரிக்காவில் 2019இல் 5,800 டாலரை ஒட்டி இருந்தது, 2024இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, இதைத்தான் காட்டுவார்கள். ஏறியது கடை விலை. நீங்கள் விற்கப்போகும்போது வாங்குகிறவர் கொடுக்கும் விலை வேறு. சில ஹெர்மெஸ் பைகளைத் தவிர மற்றவை கடையை விட்டு வெளியே வந்ததும் புதுக் கார் மாதிரி இறங்கிவிடும். நம் ஊரில் பழைய பைக்குச் சந்தையும் சின்னது, அசல்தானா என்ற சந்தேகத்திலேயே பாதி விலை போய்விடும். 2025 ஜூலையில், அந்தப் பர்கின் பைக்குப் பெயர் வரக் காரணமான நடிகை ஜேன் பர்கின் தானே பயன்படுத்திய முதல் பர்கின் பை பாரிஸ் ஏலத்தில் 8.6 மில்லியன் யூரோவுக்குப் போனது. அது அருங்காட்சியகச் சரக்கு, அதை வைத்து நம் பைக்குக் கணக்குப் போட முடியாது. தங்கம் வேண்டுமென்றால் தங்கம் வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்? பையை மட்டும் பார்த்தால், 2,25,000 கொடுக்கமாட்டேன். இருபது இருபத்தைந்தாயிரத்துக்குள், பெயர் வெளியே தெரியாத, முழுத்தோல் பை ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். ஏற்றுமதிக்காரர்கள் சிலர் உள்ளூருக்கும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பையை மட்டும் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. ஆறு வருட உழைப்புக்கு அடையாளமாக ஒன்று வேண்டும், அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர வேண்டும் என்றால், அதற்கு நான் விலை சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். போனஸ் காசு, கடன் இல்லை, தவணை இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். தவணையில் என்றால் வேண்டாம், அந்தப் பை தோளில் கனக்கும்.

எதுவானாலும் கடையில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள், பைகள் முதலில் சாவது அங்கேதான். ஒட்டு மட்டும் இருந்து தையல் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். ஓரப் பூச்சை நகத்தால் லேசாக அழுத்துங்கள், விரிசல் விடக்கூடாது. ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும், மூலைகளில் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது. தோலை உள்பக்கமாக மடக்கினால் மெல்லிய சுருக்கம் விழுந்து விட்டதும் மறைய வேண்டும்; தடித்த வரிகளாக நின்றால் அது வயிற்றுப் பகுதித் தோல், சீக்கிரம் தொய்யும். ஜிப்பை ஒற்றை விரலால் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பையைத் தலைகீழாக உதறி, லைனிங்கை வெளியே இழுத்து, இது என்ன துணி, மேலே என்ன பூச்சு என்று கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள், புடவைக்கடையில் கேட்பதுபோல. பருத்தி, லினன், ஆட்டுத்தோல் என்று பதில் வந்தால் நல்லது. பாலியூரித்தேன் என்றால், எவ்வளவு பெரிய பெயரானாலும், நம் ஊர் ஈரத்துக்கு அது வேண்டாம்.